பரண்ல ஏறுனது அடுத்த வருஷம் கீழ இறங்குச்சா? மூணு வருஷமா வாங்குன பண்டிகை டெக்கரேஷன், லைட்டு பத்தி என் ரிவ்யூ

இந்த வருஷம் கொலுவுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை சாமானை இறக்கலாம்னு ஏணி போட்டு பரண்ல ஏறுனேன். "தோரணம்"னு ஸ்கெட்ச் பேனால பெருசா எழுதி வச்ச பெட்டியைத் திறந்தா உள்ள தோரணம் இல்ல, ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு ஒரு துணி உருண்டை தான் இருந்துச்சு. நாங்க இருக்குறது சென்னை மேற்கு மாம்பலத்துல மூணாவது மாடி, தலைக்கு மேல நேரா மொட்டை மாடி, ஏப்ரல் மே ரெண்டு மாசமும் அந்த பரண் ஒரு இட்லி குண்டான். அதுக்குள்ள ஹாட் க்ளூ வச்சு ஒட்டுன பூ, கண்ணாடி, சோழி எல்லாம் இளகி வழிஞ்சு, மறுபடி இறுகி, பக்கத்துல இருந்த துணியை கெட்டியா பிடிச்சுக்கிச்சு. பிரிச்சா சோழி கையோட வருது, சோழி இருந்த இடத்துல பிசுக்கு மட்டும் நிக்குது.

850 ரூவா. "பத்து வருஷம் வரும்மா, ரீயூசபிள், ஈகோ ஃப்ரெண்ட்லி, துவைச்சு துவைச்சு போடலாம்"னு அந்த கடைக்காரம்மா சொன்ன வாய்க்கு சர்க்கரை போடணும்னு அன்னிக்கு தோணுச்சு. மொத தடவை துவைச்சப்பவே செகப்பு சாயம் இறங்கி க்ரீம் கலர் துணியெல்லாம் ரோஸ் மில்க் ஆயிடுச்சு, சரி அதுவும் ஒரு அழகுன்னு விட்டுட்டேன். ஆக மொத்தம் ரெண்டு கொலு, ஒரு தீபாவளி. அவ்ளோ தான் அதோட ஆயுசு.

அந்த கடுப்புல தான் இதை எழுத உக்காந்தேன், ஆனா திட்ட மட்டும் இல்ல. மூணு வருஷமா கொலு, தீபாவளி, கார்த்திகை, பொங்கல் எல்லாத்துக்கும் திரும்ப திரும்ப யூஸ் பண்ற மாதிரி பொருளா பார்த்து பார்த்து வாங்கிட்டு இருக்கேன், அதுல எது தேறுச்சு எது தேறலன்னு இப்ப எனக்கு கொஞ்சம் தெரியும், அதை சொல்றேன்.

இதெல்லாம் ஆரம்பிச்சதே ஒரு கேள்வியால. மூணு வருஷம் முன்னாடி கொலு முடிஞ்சு மூணு பெரிய கவர் குப்பை கட்டி கீழ கொண்டு போனேன், தெர்மகோல், ஜிகினா பேப்பர், பிளாஸ்டிக் செவந்திப்பூ, தெர்மகோல்ல ஒட்டுன துணி. குப்பை வண்டில வர்ற அக்கா ஒரு கவரை பிரிச்சு பார்த்துட்டு "இது மக்குற குப்பையா மக்காத குப்பையா, நீயே சொல்லு மேடம்"னாங்க. துணியும் தெர்மகோலும் பெவிகால் போட்டு ஒட்டிக் கெடக்கு, பிரிக்கவே முடியல, என்னத்த சொல்ல. அப்படியே நின்னேன்.

தெர்மகோல் மேட்டரை மொதல்ல முடிச்சிடுறேன். 2022 ஜூலை 1லேர்ந்து டெக்கரேஷனுக்கு தெர்மகோல் விக்கறதே நாடு முழுக்க தடை. தமிழ்நாட்டுல அதுக்கும் முன்னாடி, 2019 ஜனவரி 1லேயே ஒரு தடவை தூக்கி போடுற பிளாஸ்டிக் நிறைய ஐட்டத்துக்கு தடை வந்தாச்சு. ஆனாலும் கேட்டா எடுத்து குடுக்குற கடை இருக்கத்தான் செய்யுது. நான் விட்டுட்டேன். கொலு பார்க் போடுறதுக்கு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, பின்னாடி மறைக்க பத்தமடை பாய் ஒன்னு, மலை வேணும்னா பழைய காக்கி துணிய கஞ்சில நனைச்சு காய வச்சா மடிப்பு மடிப்பா நிக்கும், மேல கேழ்வரகு முளை விட்டா முடிஞ்சுது. பாய் எட்டு வருஷம் முந்தி வாங்குனது, கொலு இல்லாத நாள்ல எங்க வீட்டுக்காரரு அதுல தான் படுத்து பேப்பர் படிப்பாரு.

இப்ப லைட்டு. இதுல தான் நான் அதிகமா காசு விட்டேன், அதிகமா கத்துக்கிட்டதும் இதுல தான், அதனால கொஞ்சம் நீளமா போகும்.

எங்க அப்பா காலத்து சீரியல் செட்டு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? குட்டி குட்டி பல்பு, எல்லாம் ஒரே வரிசையில கோர்த்திருக்கும், ஒன்னு ஃபீஸ் போச்சுன்னா மொத்த மாலையும் அவுட்டு. தீபாவளிக்கு மொத நாள் ராத்திரி அப்பா தரையில சம்மணம் போட்டு உக்காந்து, நல்ல பல்பு ஒன்ன கையில வச்சுக்கிட்டு, ஒவ்வொன்னா கழட்டி மாட்டி பார்ப்பாரு, இருவதாவதோ முப்பதாவதோ பல்புல பட்டுன்னு மொத்தமும் எரியும், நாங்க கத்துவோம். அந்த செட்டு எங்க வீட்டுல பதினோரு வருஷம் இருந்துச்சு. அப்ப யாரும் அதுக்கு ரீயூசபிள்னு பேர் வைக்கல.

இப்ப வர்ற எல்இடி சீரியல் செட்டுல பல்பு கழட்டவே முடியாது, பிளாஸ்டிக்கோட சேர்த்து வார்த்திருக்கான். 150 ரூவாக்கு பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு சந்துல ரெண்டு வாங்குனேன். நடுவுல ஒரு சின்ன டப்பா, அதை அமுக்குனா எட்டு விதமா மினுக்கும், அந்த டப்பா தான் மொதல்ல செத்துது. ரிப்பேருக்கு எடுத்துட்டு போனா "இதுக்கு புதுசே வாங்கிடுங்க மேடம்"னு சிரிக்கறாங்க. அதுவும் இது நேரா 230 வோல்ட்ல ஓடுற சமாச்சாரம், வயர் நூல் மாதிரி இருக்கு, அதை நானே பிரிச்சு பார்க்க எனக்கு தைரியம் இல்ல, உங்களையும் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். அஞ்சுக்கு ஒரு மார்க். விலை கம்மிங்கறதுக்காக அந்த ஒன்னு.

அப்புறம் காப்பர் கம்பில மிளகு மிளகா எல்இடி வச்ச லைட்டு, ஆன்லைன்ல எல்லாரும் வாங்குறது. ஜாடிக்குள்ள போட்டா அழகு தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு தடவை கழட்டி வச்சு மறு வருஷம் எடுங்க பார்ப்போம், இடியாப்பம். சிக்கல் எடுக்குறப்போ எங்கயோ ஒரு இடத்துல கம்பி மடிஞ்சு முறியும், அதுக்கு அந்தப்பக்கம் எரியாது. எங்க வீட்டுல மூணுல ஒன்னு பாக்கி.

தேறுனது 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், நாடா மாதிரி வர்ற லைட்டு. அஞ்சு மீட்டர் ரோல், மீட்டருக்கு 60 எல்இடி, அடாப்டரோட சேர்த்து அப்ப 550 ஆச்சு. இதை ஏன் புடிச்சுக்கிட்டேன்னா, 230 வோல்ட் அடாப்டரோட நின்னுடுது, ஸ்ட்ரிப்ல ஓடுறது வெறும் 12 வோல்ட், என் பொண்ணு கை வச்சாலும் பயம் இல்ல. கரண்ட் கணக்கும் பார்த்தேன். நான் வாங்குனது மீட்டருக்கு 4.8 வாட், அஞ்சு மீட்டருக்கு 24 வாட். கொலுவுக்கு சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து வரைக்கும், பத்து நாள், மொத்தம் 40 மணி நேரம், ஒரு யூனிட்டு கூட முழுசா ஆகல. முந்தி ரெண்டு பக்கமும் 100 வாட் குண்டு பல்பு ஃபோகஸ் வைப்போம், அதுக்கு அதே 40 மணி நேரத்துக்கு எட்டு யூனிட்டு. யூனிட்டு போனா போகுது, அந்த சூட்டுல தசாவதாரம் செட்டுல மச்சாவதாரத்துக்கு முதுகு பெயிண்ட் உப்பி உதிர்ந்துடுச்சு, அம்மா இன்னி வரைக்கும் அதை சொல்லிக் காட்டுவாங்க.

வாங்குறப்போ நான் பண்ண தப்பு ரெண்டு. மொதல்ல வெள்ளை வாங்கிட்டேன், 6500 கெல்வின்னு போட்டிருந்துச்சு, எனக்கு என்ன தெரியும், நம்பர் பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன். போட்டு பார்த்தா கொலு மெடிக்கல் ஷாப் மாதிரி இருக்கு, மீனாட்சி முகத்துல ரத்தமே இல்ல. 3000 கெல்வின், வார்ம் ஒயிட்னு கேட்டு வாங்குங்க, அது தான் விளக்கு வெளிச்சம் மாதிரி மஞ்சளா விழும். அந்த வெள்ளை ரோல் இப்ப கிச்சன்ல ஷெல்ஃப் அடியில எரியுது, வேஸ்ட் ஆகல.

ரெண்டாவது தப்பு, பின்னாடி இருக்குற டேப்பை நம்புனது. சென்னை புழுக்கத்துல நாலாவது நாளே ஒரு முனை தொங்க ஆரம்பிக்கும், நல்லா ஒட்டுன இடத்துல கழட்டுறப்போ சுவத்து பெயிண்ட்டும் சேர்ந்து வரும். வாடகை வீடுன்னா ஓனர் அட்வான்ஸ்ல அதுக்கும் சேர்த்து கழிப்பாரு. இப்ப அலுமினியம் சேனல் வாங்கி, அதுல ஸ்ட்ரிப்பை உக்கார வச்சு மேல பால் கலர் மூடி போட்டு, சேனலை கொலு படியில கயிறு வச்சு கட்டிடுறேன். புள்ளி புள்ளியா தெரியாம ஒரே கோடா வெளிச்சம் வருது, கழட்டுனா நேரா பரணுக்கு. சேனலுக்கு மீட்டர் 150 குடுத்தேன், ஸ்ட்ரிப்பை விட இது தான் காஸ்ட்லி ஆச்சு, ஆனா இது இல்லன்னா ஸ்ட்ரிப் ரெண்டாவது வருஷம் பார்த்திருக்காது.

போன வருஷம் சரஸ்வதி பூஜை அன்னிக்கு சாயங்காலம், பார்த்து பார்த்து அன்னிக்குன்னு, வெத்தலை பாக்கு வாங்க ஆளுங்க வந்து உக்காந்த நேரம், மொத்த லைட்டும் போச்சு. அடாப்டரை தொட்டா தோசைக்கல்லு. விஜயதசமி எல்லாம் முடிஞ்சு பொம்மையை உள்ள வச்சுட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துட்டு போனேன். போறதுக்கு முன்னாடி அவரு "அதெல்லாம் ரிப்பேர் ஆகாது, வண்டிக்கு பெட்ரோல் தான் தண்டம்"னாரு. சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன்லேர்ந்து நடந்து தான் போனேன், பெட்ரோலே இல்ல.

ஒரு பெட்டிக்கடை அளவு கடை, உள்ள ஒரு தம்பி, பதினெட்டு பத்தொம்பது வயசு இருக்கும். மல்டிமீட்டரை அடாப்டர் முனையில வச்சாரு, ஒன்னும் காட்டல. அவரு கடை அடாப்டரை ஸ்ட்ரிப்ல குடுத்தாரு, பளிச். "ஸ்ட்ரிப்பு நல்லா கீதுக்கா, அடாப்டர் தான் மண்டைய போட்டுச்சு. ரெண்டு ஆம்பியர்ல இதுக்கு மூச்சு முட்டும், மூணு போடு"ன்னாரு. நான் அப்புறம் கணக்கு போட்டு பார்த்தா சரி தான், 12 வோல்ட் ரெண்டு ஆம்பியர்னா 24 வாட், ஸ்ட்ரிப்பும் 24 வாட், கொஞ்சம் கூட இடம் விடாம முழு லோடுல நாலு மணி நேரம் ஓட்டுனா அது சூடாகாம என்ன பண்ணும். செட்டா விக்கறவங்க இதை யாரும் சொல்றதில்ல, செட்டுலயே சின்ன அடாப்டரா போட்டு தள்ளி விட்டுடுறாங்க. 12 வோல்ட் மூணு ஆம்பியர் 280 ரூவா.

அதோட, நடுவுல ஒரு எடத்துல மூணு எல்இடி செத்து இருட்டா இருந்துச்சு, அதையும் காட்டுனேன். ஸ்ட்ரிப்பை வெளிச்சத்துல சாய்ச்சு பார்த்தாரு. ஒவ்வொரு மூணு எல்இடிக்கும் நடுவுல ஒரு சின்ன கோடு போட்டு கத்திரிக்கோல் படம் இருக்கும், அந்த கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பளபளன்னு காப்பர் புள்ளி, நான் அத்தனை நாளா அதை பார்த்திருக்கேன், எதுக்குன்னு யோசிச்சதே இல்ல. அந்த கோட்டுல கரெக்டா கத்திரியை வச்சு, செத்த மூணை மட்டும் வெட்டி எடுத்தாரு, வெட்டுனது அஞ்சு சென்டிமீட்டர், என் சுண்டு விரல் அளவு தான். ரெண்டு முனையிலயும் ஈயத்தை தொட்டு வச்சு, இத்தனூண்டு செகப்பு வயர் ஒன்னு கருப்பு வயர் ஒன்னு, பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ், சால்டரிங் அயர்ன் பட்டதும் ஒரு கீத்து புகை, அவ்ளோ தான், ஊதிட்டு குடுத்தாரு. 40 ரூவா. எங்க அப்பா இருந்திருந்தா அந்த கடையிலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாரு.

அன்னிலேர்ந்து லைட்டு வாங்குறப்போ எனக்கு ஒரே கேள்வி தான், இது கெட்டா யாராச்சும் பிரிச்சு பார்க்க முடியுமா. முடியாதுன்னா அது எவ்ளோ கம்மி கரண்ட் இழுத்தாலும் எனக்கு வேணாம். எல்இடி ஸ்ட்ரிப்புக்கு நாலரை மார்க், அரை மார்க் அந்த டேப்புக்காக குறைச்சேன்.

பால்கனிக்கு வாங்குறவங்க மட்டும் ஐபி65னு போட்ட, அதாவது தண்ணி தெறிச்சாலும் உள்ள போகாத மாதிரி மேல சிலிக்கோன் பூசுன ஸ்ட்ரிப் வாங்குங்க. நமக்கு தீபாவளியும் கார்த்திகையும் கரெக்டா வடகிழக்கு மழையில தான் வருது, சாதா ஸ்ட்ரிப் வெளிய தாங்காது. அடாப்டர் எப்பவும் வீட்டுக்குள்ள இருக்கட்டும், ஜன்னல் வழியா 12 வோல்ட் வயர் மட்டும் வெளிய போகட்டும். வெயில்ல அந்த பூச்சு பழுப்பா ஆயிடலாம், அதனால பண்டிகை முடிஞ்சதும் கழட்டி உள்ள வைங்க. எதிர் ஃபிளாட்டுல ஒருத்தர் தீபாவளிக்கு போட்டு பொங்கல் வரைக்கும் விட்டாரு, இப்ப அது எரிஞ்சா வெளிச்சம் டீ கலர்ல வருது.

சோலார் சீரியல் லைட் ஒன்னும் வாங்குனேன், மொட்டை மாடி கைப்பிடி சுவருக்கு. கார்த்திகை மாசம் பகல் முழுக்க மூடமா இருந்தா ராத்திரி ஒரு மணி நேரம் மினுக்கிட்டு தூங்கிடும், இது அதோட தப்பு இல்ல, நம்ம ஊர் மழையோட தப்பு. ஆனா ஒரு நல்ல விஷயம், ரெண்டாவது வருஷம் சுத்தமா எரியலன்னு பின்னாடி நாலு ஸ்க்ரூவை கழட்டி பார்த்தா உள்ள ரீசார்ஜ் பண்ற பென்டார்ச் செல் மாதிரி ஒன்னு, 1.2 வோல்ட்டு, கழட்டி மாட்டுற மாதிரியே இருந்துச்சு. நூறு ரூவாக்கு புதுசு போட்டேன், பொங்கலுக்கு ஜோரா எரிஞ்சுது. மூணரை மார்க்.

அடுத்து தண்ணி விளக்கு. பார்த்திருப்பீங்க, பிளாஸ்டிக் அகல், தண்ணி ஊத்துனா எரியும். டஜன் 399ன்னு பொண்ணு அடம் புடிச்சு வாங்குனது. மொத நாள் ஊத்தி எரிய விட்டதும் அம்மா சொன்னாங்க, "நமிநந்தியடிகளுக்கு அப்புறம் தண்ணில விளக்கு எரிச்சது நீங்க தான்டி." திருவாரூர் கொளத்து தண்ணிய ஊத்தி விளக்கேத்துன நாயனார் அவரு, அவருக்கு ராத்திரி முழுக்க எரிஞ்சுதாம். எங்களுக்கு ரெண்டாவது வருஷம் பன்னெண்டுல நாலு தான் எரிஞ்சுது. ஒன்ன கத்தியால நெம்பி திறந்து பார்த்தேன். குழியில ரெண்டு ஊசி மாதிரி முனை நீட்டிட்டு இருக்கு, தண்ணி பட்டா ரெண்டும் சேர்ந்து சர்க்யூட் முடியுது, கீழ ரெண்டு பட்டன் செல்லு, ஒரு எல்இடி, எல்லாத்தையும் சேர்த்து ஒட்டி மூடியிருக்கான். செல்லு மாத்துறதுக்கு வழியே வைக்கல. ஈரத்தை சரியா துடைக்காம பெட்டியில போட்டா உள்ளயே எரிஞ்சு செல் தீர்ந்துடும், எங்களது பாதி அப்படித்தான் போயிருக்கும். ஒரு டஜன் விளக்குக்கு ரெண்டு டஜன் பட்டன் செல் குப்பை, அதையும் ரீயூசபிள்னு தான் அட்டையில போட்டிருக்கு. ஜீரோ.

மண் அகலுக்கு அஞ்சுக்கு அஞ்சு. புரசைவாக்கம் கொசப்பேட்டையில, பிள்ளையார் சதுர்த்திக்கு களிமண் பிள்ளையார் வாங்க போனப்பவே முப்பது அகல் சேர்த்து வாங்கிட்டு வந்தேன், இப்ப மூணு வருஷம் கழிச்சு இருவத்திரெண்டு முழுசா இருக்கு. புதுசுல ஒரு ராத்திரி தண்ணில ஊற வச்சு காய வச்சா எண்ணெய் குடிக்கறது குறையும், இது எல்லா அம்மாவும் சொல்றது தான். கார்த்திகை முடிஞ்சதும் கொதிக்கிற தண்ணில சோப்புத்தூள் போட்டு ஊற வச்சு, தேங்கா நாரு வச்சு தேய்ச்சு ரெண்டு நாள் வெயில்ல போட்டுடுவேன், கரி கொஞ்சம் இருக்கும், இருந்துட்டு போகட்டும். உடைஞ்ச எட்டும் வேஸ்ட் இல்ல, தொட்டிச் செடிக்கு அடி ஓட்டைய மூட அதை விட நல்ல ஓடு கிடைக்காது. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் அம்மா விட்டுக் குடுக்க மாட்டாங்க, எவ்ளோ பழசு இருந்தாலும் கார்த்திகைக்கு ரெண்டு அகலாவது புதுசா வாங்கணும். சரிம்மான்னு வாங்கிடுவேன், அதுல போய் சண்டை எதுக்கு.

மாவிலைக்கு பதிலா பிளாஸ்டிக் மாவிலை தோரணம் பத்தி ஒருத்தங்க கேட்டாங்க. மாவிலைய எதுக்குங்க மாத்தணும்? கொத்து பத்து ரூவா, வாடி காஞ்சா தொட்டிக்கு எருவாயிடும், குருத்தோலையும் அதே தான். அந்த பிளாஸ்டிக் இலை வாசல்ல வருஷம் முழுக்க தூசியோட தொங்கி, பச்சை நீலமாகி, நீலம் வெள்ளையாகி, எங்க பில்டிங்லயே நாலு வீட்டுல அப்படி தொங்குது. கோலம் ஸ்டிக்கரும் அதே கேஸ் தான், ஒட்டுன எடத்துல ஓரம் பிஞ்சு கருப்பா அழுக்கு கோடு நிக்கும், அரிசி மாவுக்கு என்ன குறைச்சல்.

இப்ப மறுபடி அந்த 850 ரூவா தோரணத்துக்கு வர்றேன். அதை தூக்கி போட மனசு வராம துணியை பிரிச்சுட்டு இருந்தப்ப தான் அம்மா "தேர்ல தொங்கும் பாரு, தொம்பை, அந்த மாதிரி தெச்சுக்கோயேன்"னாங்க. தொம்பை தெரியும்ல, தேர்ல நாலு பக்கமும் உருளை உருளையா தொங்குற துணி, செகப்பு வெள்ளை பச்சை மஞ்சள்னு வெட்டி ஒட்டுத்துணி வேலை பண்ணியிருப்பாங்க, தஞ்சாவூர் பக்கம் இன்னமும் தெய்க்கறாங்க. நெனச்சு பார்த்தா எவ்ளோ வருஷமா வெயில்லயும் மழையிலயும் வீதி சுத்துது அது, ஒரு சொட்டு க்ளூ இல்ல, எல்லாம் தையல்.

பீரோவுல அம்மாவோட பழைய பட்டுப்புடவை ஒன்னு, உடம்பு முழுக்க நைஞ்சு போச்சு, பார்டர் மட்டும் கல்லு மாதிரி இருக்கு. அதை எடுத்துட்டு போய் தெருமுனை டெய்லர் அண்ணன்கிட்ட குடுத்தேன். "பிளவுஸாம்மா?"ன்னாரு. தொம்பைன்னு சொன்னதும் கண்ணாடிய கழட்டிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாரு. உள்ள காடா துணி லைனிங், மேல வாய்க்கு எம்ப்ராய்டரி போடுற மர வளையம், கீழ பார்டர், நடுவுல அந்த ரோஸ் மில்க் தோரணத்துலேர்ந்து மிஞ்சுன துண்டு. ஒரு முழம் நீளத்துல நாலு பீஸ். முக்கியமா வளையத்தை கழட்டுற மாதிரி நாடா வச்சு தெய்க்க சொன்னேன், கழட்டிட்டா தட்டையா மடிஞ்சு புடவை மாதிரி அடுக்கிக்கலாம், துவைக்க ஒட்டுனது எதுவும் கிடையாது. நாலுக்கும் சேர்த்து 400 ரூவா கூலி. இந்த தீபாவளிக்கு வாசல்ல ரெண்டு, பூஜை ரூம்ல ரெண்டு தொங்க விட்டேன், கீழ் வீட்டு மாமா படியேறி வந்தவரு அதை பார்த்துட்டு "தேர் எத்தனை மணிக்கு கிளம்புது?"ன்னாரு. கிண்டல் தான், ஆனா அடுத்த வாரம் அவங்க வீட்டு மாமி அந்த டெய்லர் அட்ரஸ் கேட்டாங்க.

ரெடிமேடா வாங்குறவங்க கடையில ஒரே ஒரு வேலை பண்ணுங்க, தோரணத்தை திருப்பி பின்பக்கம் பாருங்க. நூல் தெரிஞ்சா வாங்கலாம். வழவழன்னு கண்ணாடி மாதிரி சொட்டு தெரிஞ்சா அது க்ளூ, அங்கயே வச்சுட்டு வந்துடுங்க. ஓரத்துல ஈர கர்ச்சீஃப் வச்சு தேய்ச்சு சாயமும் பார்த்துடுங்க, கடைக்காரங்க மொறைப்பாங்க, மொறைக்கட்டும்.

கொலு படி பத்தி ரெண்டு வார்த்தை. ஆன்லைன்ல மடக்குற பிளாஸ்டிக் பைப் படி ஏழு வரிசை வாங்கி, மூணாவது நாள் நடு படி வளைஞ்சு செட்டியார் கடை சாமான் அத்தனையும் உருண்டு கீழ வந்துச்சு. நம்ம பொம்மை மண் பொம்மை, வெயிட்டு. அந்த படிய செஞ்சவன் கொலுவையே பார்த்திருக்க மாட்டான்னு தான் நெனைக்கிறேன். இப்ப நட்டு போல்ட்டு போடுற இரும்பு ஆங்கிள்ல அஞ்சு படி, மத்த பதினோரு மாசமும் அது எங்க வீட்டு புஸ்தக ஷெல்ஃப். ஒரே தொல்லை, அதுல இருக்குற புஸ்தகத்தை பத்து நாள் எங்க வைக்கிறதுன்னு வருஷா வருஷம் அவருக்கும் எனக்கும் சண்டை. புதுசா பொம்மை வாங்குனா மவுண்ட் ரோடு பூம்புகார்லயோ மயிலாப்பூர் வடக்கு மாட வீதியிலயோ காகிதக்கூழ் பொம்மையா பார்த்து வாங்குறேன், தூக்கவும் லேசு, விழுந்தாலும் மண்ணு மாதிரி சுக்கு நூறா ஆகாது.

எடுத்து வைக்கிற விஷயத்துல எனக்கு உதவுனது ரெண்டு. லைட்டை அது வந்த ரோல்லயே சுத்தணும், ரோல் இல்லன்னா பழைய லாங் சைஸ் நோட்டு அட்டையில ஓரத்துல ஒரு வெட்டு போட்டு அதுல சுத்தணும். துணி சாமானுக்கு பழைய வேட்டி சுத்தி நடுவுல வசம்பு ரெண்டு துண்டு. பாச்சா உருண்டை போட்டா கொலு பூரா ஒன்பது நாளும் அந்த வாசனை தான், சுண்டல்ல கூட. இந்த வருஷம் துணி பெட்டி பரணுக்கு போகல, கட்டிலுக்கு அடியில.

கார்த்திகைக்கு பால்கனி ஸ்ட்ரிப் இன்னொரு ரோல் வாங்கணும், அதுக்கு அடுத்த வாரம் மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். போறவங்க ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் இறங்கி இருக்கும். பழைய அடாப்டரையும் ஸ்ட்ரிப்லேர்ந்து ஒரு முனையையும் கையோட எடுத்துட்டு போங்க, இல்லன்னா எந்த பின்னு, எத்தனை ஆம்பியர்னு அந்த தம்பி கேட்குற கேள்விக்கு என்னை மாதிரி முழிச்சுட்டு திரும்பி வந்து இன்னொரு தடவை போகணும்.